வைரஸைக் கொடுத்தவர்களும் தடுப்பூசியைப் பெற்றவர்களும்

கோவிட் பரவல் 2020 ஜனவரி 30 அன்று பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவிக்கப்பட்டது முதல் 2023 மே 5 அன்று அந்த அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது வரையிலான மூன்றேகால் ஆண்டுகளில், மருத்துவ அறிவியல் எவ்வளவு விரைவாகச் செயல்பட முடியும் என்பதும் நாடுகளுக்கிடையேயான ஒத்துழைப்பு எவ்வளவு எளிதில் முறிந்துவிடும் என்பதும் ஒருசேர வெளிப்பட்டன. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும், வழக்கமாக எதிர்பார்க்கப்படும் இறப்புகளுக்கு மேலாக ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. இந்தியா அந்தக் கணக்கீட்டு முறையை ஏற்க மறுத்தது என்றாலும், உலக அளவில் உண்மையான இழப்பு அரசுகள் அறிவித்த எண்ணிக்கையைவிட மிகப் பெரியது என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். இத்தனை உயிர்களைப் பறிகொடுத்த பிறகு உலக நாடுகள் எதைக் கற்றன என்று அறிய விரும்புவோர் ஒரே ஒரு பேரத்தைக் கூர்ந்து கவனித்தால் போதும். புதிய கிருமியின் மாதிரியையும் மரபணுத் தகவலையும் உலகத்துக்குக் கொடுக்கும் நாட்டுக்கு, அவற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் தடுப்பூசியில் உரிமையுள்ள பங்கு உண்டா என்பதே அந்தப் பேரம்.

தொற்றுநோய் பற்றி அரசுகள் கூடிப் பேசுவது புதிதன்று. காலரா ஐரோப்பாவை அலைக்கழித்த காலத்தில், 1851-இல் பாரிஸ் நகரில் 12 நாடுகளின் பிரதிநிதிகள் முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாட்டைக் கூட்டினார்கள். கப்பல்களை எத்தனை நாள் ஒதுக்கி நிறுத்துவது, அதனால் வணிகம் எவ்வளவு கெடும் என்பவையே அங்கு பெரிதும் பேசப்பட்டன. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கும் கடமை, நோய் கண்ட துறைமுகத்தைத் தேவைக்கு மேல் தண்டிக்காதிருக்கும் கடமை என்ற இரண்டும் அன்று தொடங்கிய விவாதத்தில் உருவாகி, 1948-இல் உலகச் சுகாதார அமைப்பு தோன்றிய பின் 1951-இல் விதிகளாகி, 2005-இல் திருத்தி எழுதப்பட்ட பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகளில் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஆனால் தகவல் கொடுத்தவருக்கு மருந்து கொடுக்கும் கடமை என்ற மூன்றாவது ஒன்றைப் பற்றி அந்த விதிகள் நெடுங்காலம் எதுவும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை முதலில் உரக்கக் கேள்வி கேட்ட நாடு இந்தோனேசியா. எச்5என்1 எனப்படும் பறவைக் காய்ச்சலால் மிகுதியான மனித உயிர்களை இழந்த நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா, நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸ் மாதிரிகளை உலகச் சுகாதார அமைப்பின் ஆய்வகங்களுக்கு அனுப்பி வந்தது. அந்த மாதிரியை அடிப்படையாகக் கொண்டு ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்கி வருவதையும், அந்தத் தடுப்பூசியை இந்தோனேசியா சந்தை விலைக்கு வாங்க நேரிடும் என்பதையும் அறிந்த அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி, 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாதிரிகள் அனுப்புவதை நிறுத்திவைத்தார். உலகப் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார் என்று அவரைச் சாடியவர்கள் பலர்; அவர் எழுப்பிய கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடிந்தவர்கள் சிலரே. நான்கு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2011 மே மாதத்தில், மாதிரிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் தடுப்பூசியில் ஒரு பகுதியை உலகச் சுகாதார அமைப்புக்கு ஒதுக்கவேண்டும் என்ற ஏற்பாடு உருவானது. ஆனால் அந்த ஏற்பாடு இன்ஃப்ளூயன்சா வைரஸ்களுக்கு மட்டுமே உரியது. அடுத்து வந்த பெருந்தொற்றைக் கொண்டுவந்ததோ கொரோனா வைரஸ்.

கோவிட் காலத்தின் முதல் வாரங்களை நாள்வாரியாகப் பார்த்தால், தகவல் ஒன்று எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பது விளங்கும். 2020 ஜனவரி 11 அன்று ஷாங்காயைச் சேர்ந்த விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழுவினர் கண்டறிந்த வைரஸின் மரபணு வரிசை, அதாவது அதன் முழு மரபுக் குறியீடு, இணையத்தில் எவரும் காணும்படி வெளியிடப்பட்டது. ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் மாடர்னா நிறுவனம் தன் தடுப்பூசியின் வடிவமைப்பை முடித்துவிட்டது. மார்ச் 16 அன்று சியாட்டில் நகரில் முதல் தன்னார்வலருக்கு அந்த ஊசி செலுத்தப்பட்டது. வைரஸ் அடங்கிய குப்பி எதுவும் கடல் கடக்கத் தேவைப்படவில்லை. கணினியில் ஓடிய எழுத்து வரிசையே போதுமானதாக இருந்தது. ஒரு நாட்டு மக்களின் நோயிலிருந்து எடுக்கப்பட்ட தகவல் அனைவருக்கும் இலவசம் என்றும், அதிலிருந்து பிறந்த பொருள் மட்டும் காப்புரிமைக்கும் விலைக்கும் உட்பட்டது என்றும் ஆனபோது, பழைய இந்தோனேசியக் கேள்வி முன்னைவிடக் கூர்மையாகத் திரும்பி வந்தது.

இக்கேள்விக்கு அன்று முன்வைக்கப்பட்ட விடைதான் கோவாக்ஸ். உலகச் சுகாதார அமைப்பு, தடுப்பூசிக் கூட்டணியான கவி, பெருந்தொற்றுத் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு நிதியளிக்கும் செபி, யூனிசெஃப் ஆகியவை சேர்ந்து 2020-இல் தொடங்கிய இத்திட்டத்தின் கருத்து எளிமையானது: பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் ஒரே கொள்முதல் வரிசையில் நின்று, மக்கள்தொகை விகிதத்தில் தடுப்பூசியைப் பகிர்ந்துகொள்வது. 2021-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 200 கோடி தவணைகள் வழங்குவது இலக்கு. ஆனால் அந்த வரிசை உருவாகும் முன்னரே வசதி படைத்த நாடுகள் உற்பத்தி நிறுவனங்களோடு தனித்தனியாக முன்கூட்டிய ஒப்பந்தங்கள் செய்து, தங்கள் மக்கள்தொகைக்குத் தேவையானதைப் போல் பல மடங்கு தவணைகளைப் பதிவு செய்துவிட்டன. அவ்வாறு பதிவு செய்த நாடுகளில் முன்வரிசையில் இருந்த கனடா, கோவாக்ஸின் முதல் ஒதுக்கீட்டிலும் தன் பங்கைக் கேட்டுப் பெற்றது. விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் அறத்தின்படி அது கடுமையாகக் கண்டிக்கத்தக்கது.

2021 ஜனவரி 18 அன்று உலகச் சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ் அதனோம் கெப்ரேயேசஸ் அதன் நிர்வாகக் குழுவின் முன் இரண்டு எண்களை வைத்தார். குறைந்தது 49 உயர் வருவாய் நாடுகளில் அதற்குள் 3 கோடியே 90 லட்சம் தவணைகள் செலுத்தப்பட்டிருந்தன. மிகக் குறைந்த வருவாய் கொண்ட நாடுகளில் ஒரே ஒரு நாட்டில், அதுவும் 25 தவணைகள். இரண்டரைக் கோடியோ 25 ஆயிரமோ இல்லை, வெறும் 25 மட்டுமே என்று அவர் அழுத்திச் சொன்னார். அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று புனேயின் சீரம் நிறுவனத்தில் தயாரான 6 லட்சம் தவணைகளுடன் கோவாக்ஸின் முதல் விமானம் கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கியபோது, செல்வந்த நாடுகள் பலவற்றில் தடுப்பூசி இயக்கம் தொடங்கி இரண்டு மாதங்கள் கடந்திருந்தன.

அந்த விமானம் புனேயில் தயாரான ஊசிகளோடு சென்றதே கோவாக்ஸின் வலிமையையும் பலவீனத்தையும் காட்டுகிறது. உலகின் பெரும் தடுப்பூசி உற்பத்தியாளரான இந்தியா, 2021 ஜனவரி 20 முதல் பூட்டான், மாலத்தீவு என்று தொடங்கி அண்டை நாடுகளுக்குத் தடுப்பூசிகளை அன்பளிப்பாக அனுப்பியது. ஜனவரி 28 அன்று இலங்கைக்கு 5 லட்சம் தவணைகள் சென்றன. ஆனால் மார்ச் மாத இறுதியில் இரண்டாம் அலை மூண்டெழுந்தபோது, இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. சொந்த மக்கள் மடியும்போது எந்த அரசும் அப்படித்தான் செய்யும் என்பது உண்மையே. எனினும் கோவாக்ஸ் தன் தொடக்ககால வழங்கலுக்குப் பெரிதும் ஒரே நிறுவனத்தை நம்பியிருந்ததால், அந்த ஒரு முடிவு ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளின் திட்டங்களை ஒரே நேரத்தில் முடக்கியது. இலங்கையில் முதல் தவணையாகச் சீரம் நிறுவனத்தின் கோவிஷீல்டு போட்டுக்கொண்ட லட்சக்கணக்கானோர் இரண்டாம் தவணைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஜூலை இறுதியில் ஜப்பான் கோவாக்ஸ் வழியாக அதே வகைத் தடுப்பூசியை அனுப்பிய பிறகே அவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் சீனாவின் சினோபார்ம் தடுப்பூசி கொழும்புக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது. தடுப்பூசியை யார் அனுப்புகிறார்கள் என்பது வெளியுறவுக் கொள்கையின் கருவியாக மாறிய காலம் அது. ஊசிக்காகக் காத்திருந்த மனிதருக்கு அது எந்தக் கொடியோடு வந்தது என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

2021 முடியும்போது குறைந்த வருவாய் நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூட முதல் தவணை கிடைக்கவில்லை. கோவாக்ஸின் 100 கோடியாவது தவணை 2022 ஜனவரியில்தான் ருவாண்டாவைச் சென்றடைந்தது. அதற்குள் செல்வந்த நாடுகள் தங்களிடம் மிஞ்சியதை நன்கொடையாக அனுப்பத் தொடங்கியிருந்தன. அவற்றில் பல, காலாவதியாகச் சில வாரங்களே இருந்த நிலையில் வந்தன. குளிர்பதன வசதியும் ஊழியர்களும் போதாத நாடுகளால் அவ்வளவு குறுகிய காலத்தில் அவற்றைக் கிராமங்கள்வரை கொண்டுசெல்ல இயலவில்லை. 2021 டிசம்பரில் நைஜீரியா, காலாவதியான 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகளைத் தலைநகர் அபுஜாவின் குப்பைக் கிடங்கில் கொட்டி, மக்கள் பார்வையில் அழித்தது. காலம் கடந்த ஊசி எவருக்கும் போடப்படாது என்ற நம்பிக்கையை மக்களுக்கு அளிக்கவே அவ்வாறு செய்ததாக அரசு விளக்கியது. தானமாக வருவது எப்போது வரும், எந்த நிலையில் வரும் என்பதைப் பெறுபவர் முடிவு செய்ய முடியாது என்பதற்கு அந்தக் குப்பைக் கிடங்கைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்தது இன்னும் வேதனைக்குரியது. தென்னாப்பிரிக்க, போட்ஸ்வானா விஞ்ஞானிகள் பல திரிபுகள் கொண்ட புதிய வைரஸ் வகை ஒன்றைக் கண்டறிந்தனர். தென்னாப்பிரிக்கா 2021 நவம்பர் 24 அன்று அதை உலகச் சுகாதார அமைப்புக்குத் தெரிவித்தது. நவம்பர் 26 அன்று அதற்கு ஒமிக்ரான் என்று பெயரிடப்படும் முன்னரே பிரிட்டன் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகள் ஆறின் விமானங்களை நிறுத்தியது. ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் பின்தொடர்ந்தன. சில நாட்களில், நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுக்கப்பட்ட மாதிரியில் ஒமிக்ரான் இருந்தது தெரியவந்தது. அதாவது, முதலில் கண்டுபிடித்து அறிவித்த நாடு தண்டிக்கப்பட்டது. அறியாமலே அதைக் கொண்டிருந்த நாட்டின் மீது அத்தகைய தடை எதுவும் விழவில்லை. 1851 முதல் பேசப்பட்டு வந்த இரண்டு கடமைகளில் ஒன்றைத் தென்னாப்பிரிக்கா நேர்மையாக நிறைவேற்றியபோது, மற்றொன்றை உலகம் கைவிட்டது. அடுத்த முறை ஒரு சுகாதார அமைச்சர் ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இன்றே அறிவிப்பதா, சுற்றுலாப் பருவம் முடிந்த பிறகு அறிவிப்பதா என்று தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு 2021 நவம்பரில் விமானங்களை நிறுத்தியவர்களும் பொறுப்பாளிகளே.

வாங்கவும் முடியாமல், தானத்தையும் நம்ப முடியாமல் இருந்த நாடுகள் தாங்களே தயாரித்துக்கொள்ள வழி கேட்டன. 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம், கோவிட் தொடர்பான மருந்து, தடுப்பூசி, பரிசோதனைக் கருவிகளின் மீதான அறிவுசார் சொத்துரிமைகளைப் பெருந்தொற்று முடியும்வரை நிறுத்திவைக்கக் கோரின. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகியவை எதிர்த்தன. 2021 மே மாதத்தில் அமெரிக்கா தடுப்பூசிக்கு மட்டும் ஆதரவு தெரிவித்தபின்னும் முடிவு எட்ட மேலும் ஓராண்டுக்கு மேல் ஆனது. 2022 ஜூன் 17 அன்று ஜெனிவாவில் எட்டப்பட்ட முடிவு, உரிமையாளரின் ஒப்புதலின்றி அரசு வழங்கும் கட்டாய உரிமத்தின் கீழ் தயாராகும் தடுப்பூசியை மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதில் இருந்த ஒரு கட்டுப்பாட்டைத் தளர்த்தியதோடு நின்றுவிட்டது. மருந்துகளும் பரிசோதனைக் கருவிகளும் அதில் சேரவே இல்லை. உண்மையில் காப்புரிமை பாதித் தடைதான். தயாரிக்கும் நுட்பம், பயிற்சி பெற்ற ஆட்கள், மூலப்பொருள், ஆலை என்று மீதித் தடைகள் தனியே இருந்தன. கேப்டவுனில் ஆஃப்ரிஜென் என்ற நிறுவனத்தில் உலகச் சுகாதார அமைப்பு ஏற்படுத்திய, மாடர்னா பயன்படுத்திய எம்ஆர்என்ஏ நுட்பத்துக்கான மையம், வெளியில் கிடைத்த மரபணு வரிசையைக் கொண்டு, மாடர்னாவின் உதவி இல்லாமலேயே, 2022 தொடக்கத்தில் ஆய்வக அளவில் அத்தகைய தடுப்பூசியைச் செய்து காட்டியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சௌம்யா சுவாமிநாதன் அப்போது உலகச் சுகாதார அமைப்பின் தலைமை விஞ்ஞானியாக இருந்து இம்முயற்சிக்கு உறுதுணையாக இருந்தார். ஆலை இருந்தாலும் அது இயங்க வேண்டுமே என்பதற்குச் செங்கல்பட்டே சான்று. பல நூறு கோடி ரூபாயில் அங்கு எழுப்பப்பட்ட மத்திய அரசின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், நாடே தடுப்பூசிக்குத் தவித்த 2021-இல் உற்பத்தியின்றிக் கிடந்தது.

இவ்வளவுக்கும் இடையில் வல்லரசுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் 2020 மார்ச் 23 அன்று உலகெங்கும் போர்நிறுத்தம் கோரினார். பாதுகாப்பு அவை அதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்ற ஜூலை 1 வரை ஆனது. தீர்மானத்தில் உலகச் சுகாதார அமைப்பின் பெயரைக் குறிப்பிடுவதா என்பதில் அமெரிக்காவும் சீனாவும் மோதியதே தாமதத்துக்குப் பெருங்காரணம். கடைசியில் அந்தப் பெயர் இல்லாமலேயே தீர்மானம் நிறைவேறியது. உலகச் சுகாதார அமைப்பிலிருந்து விலக அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் 2020-இல் தொடங்கிய நடவடிக்கையை, அவருக்குப் பின் வந்த ஜோ பைடன் 2021 ஜனவரி 20 அன்று திரும்பப் பெற்றார். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று, டிரம்ப் மீண்டும் விலகல் ஆணையில் கையெழுத்திட்டார். உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா உலகச் சுகாதார அமைப்பின் வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவும், மீதி நன்கொடையாளர் விருப்பப்படி வரும் பணமாகவும் இருந்து வந்த நிலையில், மிகப் பெரிய நிதியாளர் ஒருவரின் விலகல் எத்தகைய அடியாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சூழலில்தான் 2025 மே 20 அன்று ஜெனிவாவில் உலகச் சுகாதார அமைப்பின் ஆண்டு மாநாட்டில் உலகப் பெருந்தொற்று உடன்படிக்கை ஏற்கப்பட்டது. முந்தைய நாள் குழுக் கூட்டத்தில் 124 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 11 நாடுகள் நடுநிலை வகித்தன. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட மூன்றரை ஆண்டுப் பேச்சுவார்த்தையின் விளைவு இது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைக்குப் பிறகு, உலகச் சுகாதார அமைப்பின் அரசமைப்பின் அதே பிரிவின் கீழ் உருவான இரண்டாவது உடன்படிக்கையும் ஆகும். அமெரிக்கா இல்லாமலும் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றை முடிக்க முடியும் என்று மற்ற நாடுகள் காட்டியதைச் சிறிய செய்தியாகக் கருதக் கூடாது.

உடன்படிக்கையின் உயிர்நிலை, கிருமித் தகவலையும் பயன்களையும் பகிரும் ஏற்பாடு. நாடுகள் கிருமி மாதிரியையும் மரபணு வரிசையையும் விரைவாகப் பகிர வேண்டும். ஏற்பாட்டில் சேரும் நிறுவனங்கள், பெருந்தொற்று அவசரநிலையின்போது தங்கள் உற்பத்தியில் 20 விழுக்காட்டை அவ்வப்போதே உலகச் சுகாதார அமைப்புக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அதில் குறைந்தது பாதி, அதாவது மொத்தத்தில் 10 விழுக்காடு, இலவசமாகவும் மீதி கட்டுப்படியான விலையிலும் இருக்க வேண்டும். இந்தோனேசியா 2007-இல் கேட்டதற்கு, இன்ஃப்ளூயன்சா அல்லாத கிருமிகளுக்கும் பொருந்தும் விடை முதன்முறையாகச் சட்ட வடிவத்தில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஏற்பாடு எவ்வாறு இயங்கும் என்ற விவரங்களை 2025 மாநாடு ஒரு தனி இணைப்புக்கு விட்டுவைத்து, அதை 2026 மாநாட்டின் முன் வைக்கும் பொறுப்பைப் பேச்சுவார்த்தைக் குழுவிடம் ஒப்படைத்தது. அந்த இணைப்பு ஏற்கப்பட்ட பிறகே உடன்படிக்கையில் நாடுகள் கையெழுத்திட முடியும். 60 நாடுகள் ஏற்புறுதி அளித்த முப்பதாம் நாளில்தான் அது நடைமுறைக்கு வரும்.

கடினமானவை எல்லாம் அந்த இணைப்பில்தான் இருக்கின்றன. மரபணு வரிசையைத் தரவுத்தளத்திலிருந்து எடுப்பவர் தம் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டுமா, நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தம் மாதிரியைப் பெறும் முன்பே கையெழுத்தாக வேண்டுமா, இலாபத்திலிருந்து ஆண்டுதோறும் பணமும் வர வேண்டுமா என்பவை அங்கு எழுந்த கேள்விகளில் முக்கியமானவை. ஆப்பிரிக்க நாடுகளும் வளரும் நாடுகள் பலவும் இவற்றை முன்கூட்டியே கட்டாயமாக்க வேண்டும் என்றன. பெரிய மருந்து நிறுவனங்களைக் கொண்ட ஐரோப்பிய நாடுகள், கட்டுப்பாடு மிகுந்தால் ஆராய்ச்சி தாமதமாகும் என்றன. தாமதம் பற்றிய அச்சம் போலியன்று; 2020 ஜனவரியில் மரபணு வரிசை வெளியான இரண்டே நாட்களில் தடுப்பூசி வடிவமைக்கப்பட்டது அதற்குச் சான்று. ஆனால் பதிவு செய்துவிட்டுத் தரவை எடுப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். தடுப்பூசி கிடைக்காமல் போனவர்கள் காத்திருந்தது மாதங்கள், ஆண்டுகள். இரண்டு தாமதங்களையும் ஒன்றாக எடைபோடுவது முறையாகாது.

உடன்படிக்கை நாடுகளின் இறையாண்மையைப் பறிக்கும், ஊரடங்கையும் கட்டாயத் தடுப்பூசியையும் ஜெனிவாவிலிருந்து திணிக்கும் என்ற பரப்புரை பல நாடுகளில் பரவியது. அதன் வாசகத்திலேயே, எந்த நாட்டின் சட்டத்தையும் மாற்றவோ, பயணத் தடை, ஊரடங்கு, தடுப்பூசி போன்றவற்றைக் கட்டாயப்படுத்தவோ உலகச் சுகாதார அமைப்புக்கு அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. உண்மையான குறை இதற்கு நேர்மாறானது. வாக்கை மீறும் நாட்டையோ, 20 விழுக்காட்டைக் கொடுக்கத் தவறும் நிறுவனம் இயங்கும் நாட்டின் அரசையோ தண்டிக்க அதில் வழியில்லை. ஏற்றுமதித் தடை விதிக்கும் உற்பத்தி நாட்டைத் தடுக்கவும் வலுவான ஏற்பாடு இல்லை. 2021-இல் கோவாக்ஸை முடக்கியவை பணக்கார நாடுகளின் முன்பதிவும் உற்பத்தி நாட்டின் ஏற்றுமதி நிறுத்தமுமே என்பதால், இந்த ஓட்டை சிறியதன்று.

இந்த இடத்தில் இந்தியாவின் பொறுப்பு தனித்துவமானது. உலகச் சந்தைக்குத் தடுப்பூசி தயாரிக்கும் நாடாகவும், புதிய நோய்கள் தோன்றக்கூடிய, பகிரவேண்டிய மாதிரிகள் மிகுந்த நாடாகவும் அது பேரத்தின் இரு பக்கமும் நிற்கிறது. 2020-இல் காப்புரிமைத் தளர்வு கோரி முன்நின்ற அதே நாட்டின் ஏற்றுமதி நிறுத்தம் 2021-இல் மற்ற நாடுகளைப் பட்டினி போட்டது. இரண்டையும் நேர்மையாக ஏற்றுக்கொண்டு பேசும் நாட்டின் சொல்லுக்கு ஜெனிவாவில் கூடுதல் எடை இருக்கும். உடன்படிக்கை கையெழுத்துக்கு வரும்போது இந்தியா முதல் 60 நாடுகளுக்குள் ஏற்புறுதி அளிக்க வேண்டும். அடுத்த பெருந்தொற்றில் உள்நாட்டுத் தேவை எவ்வளவு உயர்ந்தாலும், உறுதியளித்த 20 விழுக்காடு துறைமுகத்தைத் தாண்டிச் செல்லும் என்பதை நாடாளுமன்றத்தில் சட்டமாகவே எழுதிவைக்க வேண்டும். தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தச் சட்டத்தைக் கேட்டு இப்போதே குரல் எழுப்ப வேண்டும். செங்கல்பட்டு வளாகத்தில் உற்பத்தி தொடங்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அத்துடன் சேர்த்தே வைக்க வேண்டும்.